கிராஸ் நகரத்துக்குச் செல்வோர் கவனத்திற்கு

பிரான்ஸ் தேசத்தில் கான் நகருக்கு வடக்கே குன்றின்மேல் அமைந்த கிராஸ், ஆதியில் தோல் பதனிட்டுக் கையுறைகளுக்கு மணமூட்டிய தொழிலினின்று வாசனைத் திரவியங்களின் தலைநகராக வளர்ந்த சரித்திரத்தை உடையதாகலின், முதலில் அங்குள்ள சர்வதேச வாசனைத் திரவியக் காட்சிச்சாலையை நிதானமாகப் பார்த்துவிட்டு, அதன்பின் பிரகோனார், மொலினார் முதலிய தொழிற்சாலைகளுக்குச் செல்வதே உத்தமம். ரோஜா மே மாதத்திலும் மல்லிகை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலும் மலரும். மல்லிகையை வைகறையிலேயே பறிப்பார்கள். அக்காட்சியைக் காணாது திரும்புவது பெருங்குறை என்பேன். ரயில் நிலையம் தாழ்விடத்திலும் பழைய நகரம் மேட்டிலும் இருப்பதால், முதியோர் பஸ்ஸில் ஏறுக. தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நாளில் உடலில் அத்தர் பூசாதீர்கள். பல வாசனைகளை ஒருசேர முகர்ந்தால் நாசி பேதம் அறியாது. வாங்கிய குப்பி 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்டதாயின், விமானப் பயணத்தில் அதைக் கைப்பையில் வையாமல் பெரிய பெட்டியில் வைத்து அனுப்புக.