வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கேமரன் மலையில் முதுகில் எஞ்சினைச் சுமந்து புல் வெட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினையும் கத்தியையும் இணைப்பது வளைந்து கொடுக்கும் ஒரு தண்டு. கம்போங் ராஜாவில் எங்கள் பட்டறையில் இருக்கும் ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் கருவியும் அதே ஏற்பாடுதான். மோட்டார் மேலே கொக்கியில் தொங்கும், கைக்கு வருவது கைப்பிடி மட்டும். வேகத்தைக் கால் பெடல் பார்த்துக்கொள்ளும்.

கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் கத்திப் பற்களைத் தீட்டுவது, மருந்தடிக்கும் பம்பின் துருவைச் சுரண்டுவது, எப்போதாவது பழைய தேயிலை வேர்க்கட்டையைக் குடைவது என்று இதற்கு வேலை ஓயாது.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சடித்த வேகத்தைத்தான். கையில் பிடிக்கும் டிரெமல் 4000 நிமிடத்துக்கு 35,000 சுற்று போகும். ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் வகையான ஃபோர்டம் எஸ்.ஆர். மோட்டார் 18,000தான். அதைவிடப் பலம் கூடிய டி.எக்ஸ். இன்னும் குறைவு, 15,000. எண் குறைந்ததற்கு ஏன் மவுசு என்றால், மெதுவாகச் சுற்றும்போதும் அழுத்தினால் அது நிற்காது. கத்தி தீட்ட அதுதான் வேண்டும். வேகம் மீறினால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த எஃகில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை முறை தீட்டினாலும் முனை நிற்காது. அதனால் கடையிலேயே பெடலைப் பாதி மிதித்து, ஒரு மரத்துண்டில் பிட்டை அழுத்திப் பாருங்கள். திணறினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது கைப்பிடி. சாவி போட்டு முறுக்கும் ஃபோர்டம் எச்.30 வகை 4 மி.மீ. வரை எந்தப் பிட்டின் தண்டையும் பிடிக்கும். 3.2 மி.மீ. பிட்டும், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 2.35 மி.மீ. பிட்டும் ஒரே கைப்பிடியில் ஓடும். 6 மி.மீ. பிட் மாட்டும் ஆசை இருந்தால் எச்.30 போதாது, அந்த அளவைப் பிடிக்கும் வேறு கைப்பிடியைக் கேளுங்கள்.

இணையத்தில் மலிவாக வரும் அமெரிக்க மாடல்களில் 115 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் ஊர் மின்சாரத்தில் செருகினால் புகைதான் வரும்.

நம் மலை ஈரத்துக்கு உள்தண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். உறையிலிருந்து அதை உருவி எடுத்துக் கிரீஸ் தடவ முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கிரீஸ் மெல்லிய பூச்சாக இருக்கட்டும், கூடினால் கைப்பிடி வழியாகக் கசியும். தண்டைக் கூர்மையாக மடக்கி ஓட்டினால் உறை சுடும், உள்தண்டும் சீக்கிரம் அறும். உள்தண்டும் கார்பன் பிரஷும் ஈப்போவில் கிடைக்காத பிராண்டு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

தினமும் ஓட்டுபவருக்கு ஃபோர்டம் தரம் கட்டுப்படியாகும். வாரத்துக்கு ஒருநாள் தொடுபவருக்குச் சீனத் தயாரிப்பே போதும். மிச்சமாகும் வெள்ளியில் நல்ல கைப்பிடி, கண்ணாடி, தூசு முகமூடி வாங்குங்கள். துணிக் கையுறை மட்டும் போடாதீர்கள், சுழலும் பிட் நூலைப் பிடித்து விரலோடு இழுத்துவிடும்.