வளர்ந்த பிள்ளையிடம் நோயை மறைக்காதீர்கள்



தீபாவளிச் சாமான் வாங்க சிங்கப்பூர் தேக்காவுக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தேக்கா மார்க்கெட்டைத் தாண்டி புக்கிட் தீமா சாலைப் பக்கம் வந்தால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி தெரியும். அதுதான் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை. கே.கே. என்றால் 'கண்டாங் கெர்பாவ்'. மலாயில் எருமைக் கொட்டில் என்று அர்த்தம். நம்மவர்கள் ஒரு காலத்தில் மாடு வைத்துப் பிழைத்த வட்டாரம் அது. இன்று அங்கே புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கும் வைத்தியம் நடக்கிறது.

"பிள்ளைகளுக்குமா புற்றுநோய்?" என்று கேட்பீர்கள். ஆமாம், வரும். அதில் இரத்தப் புற்றுநோய்தான் அதிகம். விடாத காய்ச்சல், வெளுத்துப் போன முகம், அடிபடாமலே நீலத் தழும்பு, ஓயாத எலும்பு வலி, கழுத்தில் கட்டி, இவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள். இது தொத்து நோயல்ல. செய்வினையுமல்ல, பெற்றவர் செய்த பாவமுமல்ல.

குணமாகுமா? மலேசிய, சிங்கப்பூர் டாக்டர்கள் சேர்ந்து, 2002 தொடங்கி சுமார் பத்து ஆண்டுகளில் 500க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே முறையில் வைத்தியம் பார்த்தார்கள். ஆறு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 88 பேர் பிழைத்திருந்தார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளைவிட வாலிபப் பிள்ளைகளுக்கு இந்த நோய் முரட்டுத்தனம் காட்டும். அதனால்தான் அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினைந்து வயதுப் பிள்ளை குழந்தையுமல்ல, பெரிய ஆளுமல்ல. மருந்து ஏறினால் முடி கொட்டும். சில மருந்துக்கு முகம் உப்பும். கண்ணாடி பார்க்கும் வயதில் இது பெரிய வேதனை. கூட்டாளிகள் பரீட்சை எழுதும்போது இவன் படுக்கையில் கிடப்பான். "எனக்கு என்னம்மா வியாதி?" என்று கேட்பான். "ஒண்ணுமில்லப்பா, இரத்தம் கொஞ்சம் கம்மி" என்போம். பக்கத்துக் கட்டில்காரனைப் பார்த்தே அவன் உண்மையைத் தெரிந்துகொள்வான். பிறகு நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டான்.

நம்பாத பிள்ளை மாத்திரையையும் விழுங்கமாட்டான். ஆபத்தே இங்குதான். அதிகமாக வரும் வகைக்கு வைத்தியம் சுமார் இரண்டு வருஷம். பிற்பாதியில் வீட்டிலேயே தினமும் மாத்திரை. உடம்பு தேறிவிடும், "இனி எதுக்கு?" என்று தோன்றும். இருபது நாளில் ஒரு நாளுக்கு மேல் தவறவிட்டாலே நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது என்று 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. நோயின் பெயரைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். டாக்டரோடு தனியாகப் பேச ஐந்து நிமிஷம் விடுங்கள். தாய் முன்னால் கேட்கக் கூசும் கேள்விகள் அவனுக்கும் இருக்கும், அவளுக்கும் இருக்கும்.

2. சில மருந்துகள் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். மருந்து தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

3. சிகிச்சை நடக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி வந்தால் பனடோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

4. லயத்து வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் மருந்துதான் வின்கிரிஸ்டின். இரத்தப் புற்றுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். அதற்காக இலையைக் கஷாயம் போட்டுக் குடிக்கக் கொடுக்காதீர்கள், அது விஷம். ஊசிக்குப் பின் கை கால் மரத்துப் போனாலும், மலம் கட்டினாலும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

5. படிப்பை விடாதீர்கள். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் மனத்துக்கும் படிப்புக்கும் கைகொடுக்கிறது. நம் பக்கத்திலும் ஆசிரியரிடம் பேசி வீட்டுக்குப் பாடம் வாங்கலாம்.

லயத்து மக்களுக்கும் ஒரு வார்த்தை. மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை திரும்பி வந்தால் "ஐயோ பாவம்" என்று அவன் காதுபட அழாதீர்கள். "வாடா தம்பி, கேரம் ஆடலாம்" என்று கூப்பிடுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் மட்டும் தள்ளி நில்லுங்கள். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். அந்தக் குடும்பம் வைத்தியத்தை நடுவில் விடாமலிருக்க அதுவும் ஒரு மருந்துதான்.