துறைமுகம் தரும் பாடம்



வியாபாரம் நம் கையில், அரசாங்கம் அவர்கள் கையில் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. இப்பேச்சு சரிதானா என்பதை நாம் வாழும் பினாங்கின் சரித்திரத்தைக் கொண்டே பார்ப்போம்.

1786ல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது இங்கே காடுதான் அதிகம். வந்திறங்கும் சரக்குக்குச் சுங்கம் இல்லை என்று ஏற்பட்டதும் பல தேசத்துக் கப்பல்கள் வந்தன. நாகூர், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து வந்த நம் முன்னோர் சூலியா தெருவில் கடை வைத்தார்கள். 1801ல் காதர் முகைதீன் அவர்கள் கப்பித்தான் கெலிங்காக நியமிக்கப்பட்டார். பள்ளிவாசலுக்கு நிலமும் கிடைத்தது. முன்னோரின் உழைப்பு பெரிதுதான். ஆனால் அந்த உழைப்புக்குக் கதவு திறந்தது அரசாங்கத்தின் ஓர் உத்தரவு.

அக்கதவு 1969ல் மூடப்பட்டது. வரியில்லாத் துறைமுகம் என்ற சலுகை நீங்கியதும், மலிவுச் சாமான் வாங்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்தார்கள். துறைமுக வேலை சுருங்கியது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. நம் கடைத்தெருக்களும் களையிழந்தன.

மாநில அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. முதல் மந்திரி டாக்டர் லிம் சொங் இயூ அவர்கள் காலத்தில், அதே 1969ல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. 1972ல் பாயான் லெப்பாஸில் வரியில்லா வர்த்தக வட்டாரம் ஏற்பட்டது. நிலத்தைத் திருத்தி, சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்தார்கள். இன்டெல் கம்பெனி அவ்வாண்டே வந்தது. 1985ல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது.

இவை தனி வியாபாரி ஒருவரால் ஆகக்கூடிய காரியங்களா? யூசுப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டு விளைச்சலைச் சேமித்து, பஞ்சம் வந்த ஏழாண்டில் ஜனங்களைக் காத்ததை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். நம் கிட்டங்கிகளையெல்லாம் சேர்த்தாலும் அது முடியாது. மறுபுறம், மதீனாவில் விலைவாசி ஏறி, விலையை நிர்ணயிக்கும்படி மக்கள் கேட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இணங்கவில்லை. ஆனால் பதுக்கலையும் மோசடியையும் வன்மையாகக் கண்டித்தார்கள். தனியாளால் இயலாததைச் செய்வதும், சந்தையில் நீதியைக் காப்பதுமே அரசாங்கத்தின் கடமை. கல்லாவில் உட்காருவது நம் வேலை.

நாம் எங்கே தவறினோம்? தொழிற்சாலைகள் வந்தபோது, படித்த பிள்ளைகளுக்கே நல்ல உத்தியோகம் கிடைத்தது. கடை இருக்கப் படிப்பு எதற்கு என்றிருந்த வீடுகள் பின்தங்கின. இதை எழுதும் நாமும் மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றவர்கள்தாம். அதன் நஷ்டத்தை அனுபவத்தில் அறிவோம்.

இரண்டாவது, வாடகை விஷயம். பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997ல் நிறைவேறியது. 2000 ஜனவரி முதல் தேதியோடு கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அதற்குள் கட்டடக்காரரிடம் பேசி ஒப்பந்தம் எழுதிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? பழைய வாடகையே நிலைக்கும் என்று நம்பியிருந்து, தகப்பனார் காலத்துக் கடையைக் காலி செய்தவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் கடன்பட்டு நொடித்தவர்கள் அல்லர். சட்டம் மாறியதைக் காலத்தில் கவனிக்காதவர்கள்.

ஆகவே சகோதரர்களே, அரசாங்கம் ஒரு கதவை மூடும், ஒரு கதவைத் திறக்கும். இரண்டையும் முன்கூட்டி அறிவது நம் பொறுப்பு. மலாயும் இங்கிலீஷும் படித்த நம் பிள்ளைகளில் ஒருவர், மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் சங்கத்தில் அமர்ந்து, வரி, லைசென்ஸ், வாடகை பற்றிய புதிய அறிவிப்புகளைப் பெரியவர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லட்டும். குறையிருந்தால் தனித்தனியே முணுமுணுக்காமல், சங்கத்தின் பேரால் எழுதிக் கொடுப்போம்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அதைத் தேடும் வழியில் கண்ணைத் திறந்து நடப்பது நம் கடமை.

வஸ்ஸலாம்.