மலைக்கும் மாடிக்கும் பகையில்லை

சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலம், மேலகரம், இலஞ்சிப் பக்கம் வாசலுக்கு வாசல் 'ரூம் வாடகைக்கு' என்ற பலகை முளைத்துவிடும். அறை கிடைக்கும். குடியிருக்க வீடு கேட்டுப் போனால்தான் கையை விரிப்பார்கள். ஒரு குடும்பம் மாதாமாதம் தரும் வாடகையை சீசன் கூட்டத்தில் சில நாட்களிலேயே எடுத்துவிடலாம் என்றால், வீட்டுக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரான பின் அலுவலகங்கள் வந்தன, அவற்றோடு ஊழியர்களும் வந்தார்கள். அவர்களும் வீடு தேடுகிறார்கள், லாட்ஜில் துணி துவைப்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் வீடு தேடுகிறார்கள். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் டீக்கடையில் சில வாக்கியங்கள் தவறாமல் வந்து விழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

"வீடெல்லாம் பூட்டித்தான கெடக்கு, பெறகு என்ன பற்றாக்குறை?"

பூட்டிக் கிடப்பது உண்மைதான். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலி. ஆனால் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு 2012-இல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.87 கோடி என்று கணக்கிட்டது. இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாகும்? அந்த 1.87 கோடியில் தெருவில் படுப்பவர்கள் மிகச் சிறு பங்குதான். ஏறத்தாழ 1.5 கோடி குடும்பங்கள் வீடு இருந்தும் இடமில்லாதவர்கள். மகனுக்குக் கல்யாணமானால் அப்பாவும் அம்மாவும் திண்ணைக்குப் போக வேண்டிய வீடுகள் அவை. பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏழைகளையும் குறைந்த வருவாய்க்காரர்களையும் சேர்ந்தது. பூட்டிய வீடோ வளைகுடாவில் இருப்பவருடையது, அல்லது சீசனுக்காகக் காத்திருப்பது. அதன் சாவி இந்தக் குடும்பத்தின் கைக்கு வரப்போவதில்லை.

"மாடி மேல மாடி வந்தா வாடகை ஏறத்தான செய்யும்."

புதுக் கட்டடத்தின் வாடகை பழைய வீட்டைவிட அதிகமாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் இப்படித் தோன்றுகிறது. ஊர் முழுக்க என்ன நடக்கிறது என்பது வேறு கணக்கு. கட்டும் அளவை இறுக்கிப் பார்த்த நகரம் மும்பை. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு. 1960-களில் நாரிமன் முனையில் 4.5 வரை அனுமதித்த அந்த நகரம், 1991-இல் தீவு நகரப் பகுதிக்கு 1.33 என்று குறைத்தது. 2011-இல் மும்பைக்காரர்களில் ஐந்தில் இரண்டு பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். குறியீடு ஒன்றே காரணமில்லை. பழைய வாடகைச் சட்டத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் இடத்தை நெருக்கிவிட்டு விலை ஏறாது என்று எதிர்பார்க்க முடியாது. மறுபக்கம் நியூசிலாந்தின் ஆக்லாந்து. 2016-இல் அந்நகரம் தன் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் கூடுதலாகக் கட்ட அனுமதித்தது. கட்டுமானம் பெருகியது. விதியை மாற்றாமல் விட்டிருந்தால் ஏறியிருக்கக்கூடிய அளவைவிட வாடகை குறைவாகவே நின்றது என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. வாடகை இறங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஏற்றம் மட்டுப்பட்டது. வாடகை கொடுக்கிறவருக்கு அதுவே பெரிய காரியம்.

நம் கணக்குக்கு வருவோம். 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதுவரை சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 என்றிருந்த குறியீடு 2 ஆனது. ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. முன்பு சுமார் 3,270 சதுர அடி கட்டலாம், இப்போது 4,356. வித்தியாசம் ஏறக்குறைய 1,090 சதுர அடி, அதாவது இரண்டு படுக்கையறையோடு ஒரு முழு வீடு. புதிதாக ஒரு வயலையும் தொடாமல் கிடைக்கிற வீடு.

காகிதத்தில் கிடைப்பது மனையில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தென்காசித் தெருக்களைப் பாருங்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், குறுகிய முகப்பு, நீளமான உள்வாங்கல். இரண்டு சென்ட் மனையில் இரண்டு பக்கமும் செட்பேக் என்று காலியிடம் விட்டால் மிஞ்சுவது நடைபாதை அகலந்தான். இதற்காகவே விதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஒரு வகை இருக்கிறது. அங்கே பக்கத்தில் இடம் விடாமல் சுவரோடு சுவராகக் கட்டலாம். பழைய ஊரின் எந்தெந்தத் தெருவை அந்த வகையில் சேர்ப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். என் கணிப்பில், அடுக்குமாடிக்குத் தரும் எந்தச் சலுகையைவிடவும் அதுதான் இந்த ஊருக்கு அதிக வீடு தரும்.

"விதியத் தளத்தினா மலையே போயிரும்."

இதைச் சொல்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடியில் பெருகி வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் ஓடையை மறித்தும் சரிவை வெட்டியும் கட்டுவது உயிரோடு விளையாடுவது. அருவிக்கு வரும் தண்ணீரைத் திருப்பி ரிசார்ட்டுக்குள் செயற்கை அருவி விட்டவர்கள்மீது 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடவடிக்கைக்கு உத்தரவிட்டதும் இங்கேதான்.

ஆனால் தென்காசித் தெருவில் ஒருவர் தன் வீட்டின்மேல் மாடி எடுப்பதும், மலைச்சரிவில் ஒருவர் பாறையை வெட்டிக் காட்டேஜ் போடுவதும் ஒன்றல்ல. சட்டமும் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து மலையோரக் கிராமங்களும் அதன் பட்டியலில் உண்டு. அங்கே மனை பிரிக்கவோ பெரிதாகக் கட்டவோ வேண்டுமென்றால் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்த வேலியில் ஒரு கம்பியைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து. தளர்த்த வேண்டியது ஊருக்குள்.

ஊருக்குள் இறுக்கிப் பிடித்ததால் என்ன ஆனது? வீடு மேலே போகவில்லை, பக்கவாட்டில் போனது. காரும் பிசானமும் விளைந்த நஞ்சையில் கல் நட்டார்கள். இலஞ்சி வழியாகக் குற்றாலம் போகும்போது இரண்டு பக்கமும் பச்சை விரிந்து, அதன் கடைசியில் மலை எழுந்து நிற்கும். அந்தக் காட்சியை மனைக்கல் மறைப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். சிற்றாற்றுப் பாசன வயல் ஒருமுறை மனையானால் மறுபடி வயலாவதில்லை. மழைத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய குளத்துக்கு வழியும் அதோடு அடைபடுகிறது. மலையையும் வயலையும் காக்க நினைப்பவர்தான் ஊருக்குள் மாடி எழுவதை முதலில் ஆதரிக்க வேண்டியவர்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, பெறகு என்ன?"

மனை வாங்கியவர்களில் அதிகம் பேரை அழவைத்த வாக்கியம் இது. ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கிடையாது. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தபோதுதான் பலருக்கு இது தெரியவந்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்றுப் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் பெற வழி திறந்தது. அந்தத் தேதிக்குப் பின் புதிதாகப் பிரித்த மனைக்கு அந்த வழி இல்லை.

"பிளான் அப்ரூவலுக்கு அலையறதுக்குள்ள ஆயுசு முடிஞ்சிரும்" என்ற புலம்பலையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நேற்றுவரை அது பெரும்பாலும் உண்மை. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர் இணையவழியில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி. யாரும் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கென்றே அளந்து தைத்தது போன்ற திட்டம். ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பஞ்சாயத்து அப்ரூவலை நம்பி வாங்கியவருக்கு இந்தக் கதவு மூடியே இருக்கும். குடியிருப்பு என்று சான்று தந்து கட்டிவிட்டு சீசனுக்கு லாட்ஜாக நடத்துவதும் விதிமீறல்தான்.

கடைசியாக ஒன்று: "அதெல்லாம் சென்னையில முடிவாகுற விஷயம், நாம சொல்லி என்ன ஆகப்போகுது?"

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஒரு பகுதிக்கு முழுமைத் திட்ட வரைவு தயாரானால் அதை வெளியிட்டு, பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுதிக் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். எந்தச் சர்வே எண் வேளாண் நிலமாக நீடிக்கும், எந்தத் தெரு தொடர் கட்டடப் பகுதியாகும், ஓடைக்கு எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் வண்ணம் தீட்டித்தான் வரும். மனை வியாபாரிகள் அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடுவதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வயல்காரர்களும் தெருப்பெயரும் சர்வே எண்ணும் போட்டு அதே மேசைக்கு ஒரு மனு கொடுக்கலாம்.