சாயவேரும் ஊருணி நீரும்

அரியக்குடி என்றவுடன் இசையரசர் இராமானுஜ ஐயங்காரும் (1890-1967) பித்தளைக் குத்துவிளக்கும் நினைவில் எழுதல் இயல்பு. காரைக்குடியை ஒட்டிய இவ்வூரைச் சாயத்தோடு சேர்த்து எண்ணுவார் அரியர். ஆயினும் செடிகொடிகளால் துணிக்கு நிறமேற்றும் கலையைப் பற்றிய இப்பாடத்தை நாம் இங்கிருந்தே தொடங்குகிறோம். சாயத்திற்கு வேண்டும் செடியும், உலோகமும், நீரைப் பற்றிய கவலையும் ஒருங்கே காணக் கிடைக்கும் ஊர் இது.

செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஆவாரையும் மஞ்சணத்தியும் எவரும் விதைக்காமலே வளர்கின்றன. ஆவாரம்பூ மஞ்சள் நிறம் தரும். மஞ்சணத்தி வேர் மஞ்சளும் செம்மையும் தரும். எனினும் தமிழ்நாட்டுச் சிவப்பின் பெரும்புகழ் சாயவேர் என்னும் சிறு பூண்டினைச் சார்ந்தது. சித்த மருத்துவர் இதனையே இம்பூரல் என்பர். நாட்டுமருந்துக் கடையில் இம்பூரல் வாங்குவோர் பலர். அது ஒரு காலத்தில் கடல் கடந்த துணிகளைச் சிவப்பித்த வேர் என்பதை அறிந்தோர் சிலரே. ஒரு பெயர் மருந்துக் கடையில் வாழ, மற்றொரு பெயர் தறிக்கூடத்தில் மறைந்தது.

நிறம் செடியில் மட்டும் இருக்கிறது என்று கொள்வது பிழை. பருத்தி நூல் வேர்ச்சாயத்தை எளிதில் பற்றாது. வெறுமனே வேகவைத்தால் அடுத்த அலசலிலேயே போய்விடும். ஆகவே முதலில் துணியைக் கடுக்காய்க் கரைசலில் நனைப்பர். எருமைப்பாலும் அதனோடு சேர்வதுண்டு. கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பற்றிக்கொள்ளும். அடுத்து இடும் படிகாரத்தை அத்துவர்ப்பு பற்றும். படிகாரத்தை வேரின் செம்பொருள் பற்றும். மூவர் கைகோத்தாற்போன்ற இப்பிணைப்பே நிலைத்த சிவப்பாகிறது. படிகாரத்திற்கு மாற்றாக அன்னபேதியை இட்டால் கடுக்காய்த் துவர்ப்போடு கூடிக் கருமை பிறக்கும். சாயம் காய்ச்சும் பாத்திரமும் வாளாவிருப்பதில்லை. இரும்புச் சட்டி நிறத்தை மங்கச் செய்யும். செம்பும் பித்தளையும் வேறு சாயல் தரும். உலோகத்தின் குணமறிந்த கொல்லர் வாழும் அரியக்குடியில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நீருக்கும் இதில் பங்குண்டு. சுண்ணாம்புச் சத்து சிறிது கலந்த நீரில் இச்சிவப்பு பொலிவுறும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலில் விளைந்த சாயவேரைப் பண்டைச் சாயக்காரர் விரும்பியதும் இதனாலேயே.

அவுரியின் வழி முற்றிலும் வேறு. தழையைத் தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரை அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அந்நீலம் நீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்த சாலில் மீண்டும் புளிக்கவைத்தே அதனைக் கரைக்க வேண்டும். சாலிலிருந்து எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாய்த் தோன்றும் நூல், காற்றுப் பட்டவுடன் கண்முன்னே நீலமாகும். படிகாரமும் கடுக்காயும் இங்கு வேண்டா. திண்டிவனம் வட்டாரத்தில் இம்முறை இன்னும் உயிரோடிருக்கிறது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தாரோ, இத்தகைய சாயங்களை மின்சாரத்தால் கரைநிலைக்குக் கொணரும் வழியை ஆராய்ந்துள்ளனர். தகரை விதை செய்த வேலையை மின்சாரம் செய்வது நமக்கு வியப்பளிக்கிறது.

இவ்வணிகத்தின் சுவடுகள் சொற்களில் எஞ்சியுள்ளன. நம் இல்லங்களில் உடுத்தும் கைலியை மலாய் மக்கள் 'கைன் பெலேகாட்' என்பர். பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பெயரே அவ்வாறு திரிந்தது. நீலம் என்னும் சொல் அரபியில் 'அந்நீல்' ஆகி, போர்த்துக்கீசியத்தில் 'அனில்' ஆயிற்று. அவுரி நீலத்திலிருந்து பிரித்த ஒரு பொருளுக்கு அறிவியலார் 'அனிலின்' எனப் பெயரிட்டனர். 1856-இல் பெர்கின் கண்ட முதற் செயற்கைச் சாயம் அந்த அனிலினிலிருந்தே பிறந்தது. அவுரியை வீழ்த்திய குடும்பம் அவுரியின் பெயரையே சூடிக்கொண்டது!

1868-இல் செருமானிய அறிஞர் இருவர் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். சாயவேரில் உள்ள செம்பொருளும் இதுவே. 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. இங்கு மாணவர் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேர் தந்த அலிசரினும் ஆலை தந்த அலிசரினும் ஒரே பொருள்தான். வேரில் உடனுறையும் பிற பொருள்கள் சாயலைச் சற்று வேறாக்குமேயன்றி அடிப்படை ஒன்றே. எனவே 'இயற்கை' என்ற ஒட்டுச்சீட்டைக் கண்டு மட்டும் ஒரு துணியைத் தூயதென்று சொல்லிவிட இயலாது. எப்படிச் செய்தனர், கழிவுநீர் எங்குச் சென்றது என்றும் கேட்கவேண்டும்.

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலாற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பதை நாடறியும். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. செடிச்சாயம் இதற்கு மாற்று என்பர். ஓரளவு மெய்யே. ஆனால் நிறம் பளிச்சிட வேண்டுமென்று மயில்துத்தத்தையும் குரோமிய உப்பையும் கலந்தால், செடிச்சாயத்தின் கழிவும் நஞ்சே. மஞ்சள்தூளில் தோய்த்த துணியை இயற்கைச் சாயமென விற்பதும் நேர்மையன்று. வெயிலில் அது விரைவில் வெளிறும். சாயம் வெளுத்தது என்ற வழக்கு அவ்வணிகர்க்குப் பொருந்தும்.

செட்டிநாட்டின் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று அதன் நூல் பெரும்பாலும் செயற்கைச் சாயமேற்றியதே. அதனைச் செடிச்சாயத்திற்குத் திருப்ப விழைவோர் முதலில் நீர்க்கணக்குப் பார்த்தல் வேண்டும். அலசலுக்கு அலசல் நீர் கேட்கும் தொழில் இது. மழையை ஊருணியிலும் கண்மாயிலும் தேக்கி வாழ்ந்த நாடோ இது. அடுத்தது செடிக்கணக்கு. அவுரித் தழையை அறுத்தால் மீண்டும் துளிர்க்கும்; எஞ்சிய சக்கை வயலுக்கு உரமாகும். சாயவேரை அகழ்ந்தால் செடியே போயிற்று. நல்ல நிறம் தரும் முதிர்ந்த வேருக்கு ஏறத்தாழ ஈராண்டு காத்திருக்க வேண்டும். காட்டில் அகழ்வதை விடுத்து வயலில் விதைத்தாலொழிய அத்தொழில் நெடுநாள் நில்லாது. கடுக்காய், படிகாரம், அவுரி என்ற அளவில் தொடங்கி, அலசிய நீரை ஊருணிக்கு விடாது தனிக்குழியில் தேக்கி, ஒரு தறிக்கு வேண்டும் நூலை மட்டும் முதலில் சாயமிட்டுப் பார்ப்பதே இவ்வட்டாரத்திற்கு ஏற்றது என்பது நம் கருத்து.