மெலிந்த பிள்ளை "நான் குண்டு" என்று சொன்னால்

(பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர் கவனத்திற்கு)



கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பிள்ளை மெலிந்தால் ரத்தசோகை, குடற்புழு, காசநோய், உணவுப் பற்றாக்குறை ஆகியவையே முதலில் நம் நினைவுக்கு வரும். அது சரியே. முதலில் இவற்றைத்தான் பரிசோதிக்க வேண்டும். ஆனால் வீட்டில் சோறு இருக்கிறது, பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, பிள்ளை மட்டும் "எனக்கு வேணாம், நான் குண்டா இருக்கேன்" என்று தட்டைத் தள்ளுகிறது. விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் முன்னைவிட இளைத்திருக்கிறது என்றால், வேறொரு நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது என்ன நோய்?

டாக்டர்கள் இதை அனோரெக்சியா நெர்வோசா என்பார்கள். பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கும். பெண்களிடம் அதிகம், ஆண் பிள்ளைகளுக்கும் வரும். இதில் பசி இல்லாமல் போவதில்லை. பருத்துவிடுவோம் என்ற பயம் பசியை அடக்கி வைக்கிறது. இது பிடிவாதமும் அல்ல, காத்துக் கருப்பும் அல்ல.

உடம்பின் கணக்கு

தலையில் விறகுக் கட்டோடு வாசலில் நுழைகிறவர் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. கட்டைத் தானாகவே திருப்பிக்கொள்கிறார். நம் உடம்பு எவ்வளவு அகலம், எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கை மூளை சதா போட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த நோயில் அந்தக் கணக்கு பிசகிவிடுகிறது.

1973-ல் இங்கிலாந்தில் ஸ்லேட், ரஸ்ஸல் என்ற இருவர் இதை அளந்து பார்த்தனர். நோயாளிப் பெண்கள் தங்கள் முகம், மார்பு, இடுப்பு ஆகியவற்றை உள்ளதைவிட அகலமாகச் சொன்னார்கள். மரக்கட்டையின் அளவையோ சரியாகவே சொன்னார்கள். அதாவது கண்ணில் கோளாறு இல்லை; தன் உடம்பைப் பற்றிய கணக்கில்தான் கோளாறு.

2013-ல் நெதர்லாந்து நாட்டில் வெவ்வேறு அகலமுள்ள வாசல்கள் வழியே நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒருவரின் தோள் அகலம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாதவர்கள் வாசல் சுமார் 50 செ.மீ. ஆகக் குறுகியபோதுதான் தோளைத் திருப்பினார்கள். நோயாளிகள் சுமார் 56 செ.மீ. வாசலிலேயே திருப்பிக்கொண்டார்கள். ஆகவே "நான் குண்டு" என்பது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அந்த உடம்பு அப்படியே நடக்கிறது, திரும்புகிறது. (இதை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். இதைக் கொண்டு நோயை முடிவு செய்ய முடியாது.)

எல்லோரும் "குண்டு" என்று சொல்வதுமில்லை. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக டாக்டர்கள் 1995-ல் ஐந்து இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். உணவு மறுப்பு, வாந்தி, மெலிவு எல்லாம் இருந்தன. உடம்பைப் பருமனாகக் காணும் கோளாறு மட்டும் அவர்களிடம் காணப்படவில்லை. ஆகவே அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. சாப்பாட்டை ஒளித்து வைப்பது, "அப்பவே சாப்பிட்டேன்" என்று சாக்குச் சொல்வது.
2. சாப்பிட்டவுடன் தனியே போய் வாந்தி எடுப்பது.
3. மூன்று மாதமாகத் தீட்டு வராமல் இருப்பது.
4. எப்போதும் குளிர்வது, கை கால் சில்லிட்டிருப்பது, தலைமுடி கொட்டுவது.
5. உடம்பு சோர்ந்தும் ஓயாமல் நடப்பது, வேலை செய்வது.

செய்யக் கூடாதவை

கண்ணாடி முன் நிறுத்தி "பாரு, எலும்பும் தோலுமா இருக்கே" என்று வாதாடாதீர்கள். பிசகிய கணக்கு வாதத்தால் திருந்தாது. அடிக்காதீர்கள். உடம்பைப் பற்றிக் கேலியும் வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம்.

முக்கியமாக, பல நாள் சாப்பிடாமல் கிடந்த பிள்ளைக்கு ஒரேயடியாகக் களியும் சோறும் ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்திலுள்ள உப்புகளின் அளவு திடீரென மாறி இதயத்தைப் பாதிக்கலாம். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாக உணவைக் கூட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

"உனக்கு அப்படித் தெரியுதுன்னு எனக்குப் புரியுது. ஆனா உடம்புக்குச் சோறு வேணும், நான் கூட உக்காந்துக்கறேன்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வேளை தவறாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பருவ வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்பமே பொறுப்பேற்று உணவூட்டும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. எடை தேறிய பிறகும் உடம்பின் கணக்கு சீராகச் சில காலம் பிடிக்கும். "இன்னும் குண்டுன்னே சொல்லுதே" என்று மனம் தளர வேண்டாம்.

எங்கே செல்வது?

முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடையும் ரத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சைக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மயக்கம், மார்பு வலி, கால் வீக்கம், நாடித்துடிப்பு மிகக் குறைதல், "சாகணும்" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்கவே நேரமாகும். ஆகவே விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இது உயிரைப் பறிக்கக்கூடிய நோய். சீக்கிரம் கண்டால் குணமாகும் நோயும்கூட. பிள்ளை தன் உடம்பைச் சரியாகக் காணும் நாள் வரும்வரை, அதற்காகப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.