வாயைத் திறந்து பார்ப்போம்

யாழ்ப்பாணப் புகையிலை எங்கள் தோட்டக்காரருக்கு நெடுங்காலம் காசு தந்த பயிர். அதே புகையிலை வெற்றிலையோடு வாய்க்குள் போகும்போது ஆயுளைக் குறைக்கிறது. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது.

“நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று சிலர் சொல்வதுண்டு. பாக்கும் தனியே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003ஆம் ஆண்டில் அறிவித்தது. சுருட்டும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இடம்பெயர்ந்து, தோட்டமும் வேலையும் இல்லாமல் இருக்கும்போது, பசியை மறக்கவும் பொழுதைப் போக்கவும் அடிக்கடி வெற்றிலை போட மனம் தேடும். ஆகவே இக்காலத்திலேயே நாம் கூடிய கவனமாயிருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை வாயைக் கொப்பளித்து, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்:

1. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம் உண்டா?
2. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் உண்டா?
3. வாய் முன்போல் திறக்கிறதா? உறைப்பு பட்டால் எரிகிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும், நோகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் இந்நோய் நோவதில்லை. கரவெட்டிப் பகுதியினர் மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் பல் வைத்தியரிடம் காட்டலாம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வேளைக்குக் கண்டால் குணப்படுத்தலாம்.

கலந்துரையாடுவோம்: எங்கள் வீட்டு விசேடங்களில் வெற்றிலைத் தட்டத்திற்குப் பதிலாக எதை வைக்கலாம்?